எட்டு கெஜம், இரட்டைப் பன்னா

திரையில் அந்த நடிகர் முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்ததும் ஊர் ஹாலில் இருந்த அத்தனை பேரும் டீக்கோப்பையைக் கீழே வைத்தார்கள். இஷ்பெல் மட்டும் வைக்கவில்லை. சூடு ஆறாத டீயை ஒரு பெரிய வாயாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

அதுவரைக்கும் ஒரே சிரிப்பாகத்தான் இருந்தது. போன இலையுதிர் காலத்தில் இன்வர்டாரக் பள்ளத்தாக்கில் ஆறு வாரம் முகாம் போட்டு எடுத்த தொடர் அது. தொல்லையைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றியாக, டிவியில் வருவதற்கு முன்பே முதல் பகுதியை ஊருக்குப் போட்டுக் காட்டுவதாகக் கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மே மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம், ஆட்டுக்குட்டிகளைக்கூட விட்டுவிட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். கசாப்புக் கடை ரோரி ஒட்டுத் தாடியோடு இரண்டு வினாடி வந்து செத்துப் போனபோது கைதட்டினார்கள். மில்ன் வீட்டு நாய் சண்டைக் காட்சியின் குறுக்கே ஓடியபோது கூரை பறக்கச் சிரித்தார்கள்.

பிறகுதான் அந்தக் காட்சி. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு கற்பனை ராஜா சாகிறார். அவருடைய பைப்பர் பேக்பைப்பை வாசித்துக்கொண்டே நீண்ட நடைக்கூடத்தில் நடந்து போகிறார். கேமரா அவர் குதிகாலை ஒட்டியே போகிறது. இடுப்பில் கில்ட், அந்த மலைநாட்டு ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடை. சாம்பல் நிறத் துணி, கறுப்புக் கோடுகள், நடுவே மெல்லிய சிவப்பு. ஒவ்வொரு அடிக்கும் பின்பக்க மடிப்புகள் இடமும் வலமுமாக வீசி, சரியாகத் தம் இடத்துக்குத் திரும்பின.

அது என்ன டார்டன், யாருடைய கட்டம் என்று அந்த ஊரில் யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அரச குடும்பத்தின் கட்டம் அது. அவர்களைத் தவிர, அவர்களுக்கு வாசிக்கும் பைப்பர் மட்டும் அனுமதி பெற்று அணியலாம். அணிந்தால் ஜெயிலில் போட ஒரு சட்டமும் கிடையாது. ஆனால் அரச குடும்பம் வந்து தங்கும் பெரிய வீட்டு ஆற்றில் சால்மன் மீனைத் திருடிவிட்டு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆட்கள்கூட, அந்தச் சாம்பல் கட்டத்தைக் கழுத்துத் துண்டாகப் போடச் சொன்னால் கையை உதறிக்கொண்டு விலகிவிடுவார்கள். சில விஷயங்கள் இன்வர்டாரக்கில் அப்படித்தான்.

ஊரிலேயே அதை அணிந்தவர் ஒருவர்தான். சோர்லி ரென்னி, பதினோரு வருடம் பெரிய வீட்டில் வாசித்தவர். அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் மனைவி எஃபி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அது சோர்லியோடது," என்று பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகச் சொன்னது. வருடாந்திர விளையாட்டு விழாவின் செயலாளர் வாட்டி கெடஸின் குரல். மெதுவாகச் சொன்னதுதான் வினை. கத்தியிருந்தால் யாராவது அவனை அடக்கியிருப்பார்கள்.

வரிசை வரிசையாகத் தலைகள் எஃபியின் பக்கம் திரும்பின. எஃபி திரையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உடம்பை முறுக்கி, இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த இஷ்பெல்லைப் பார்த்தாள். இஷ்பெல் தன் கோப்பைக்குள் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை.

அப்போதே எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். 'அது சோர்லியுடையது இல்லை, நான் தைத்த இன்னொன்று.' ஒரு மூச்சில் முடிந்திருக்கும். வாய் வரவில்லை. காட்சி முடிந்து, பகுதியும் முடிந்து, விளக்கு எரிந்து, நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் சொல்ல இடமில்லை என்று இஷ்பெல் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இடம் இருந்தது, அவளுக்குத் துணிச்சல்தான் இல்லை.

விஷயத்தின் வேர் பத்தொன்பது வருடத்துக்கு முந்தையது. சோர்லிக்கு அனுமதி கிடைத்ததும், துணிக்கான கடிதம் பெரிய வீட்டிலிருந்து நேராக நெசவாலைக்குப் போனது. எட்டு கெஜம் என்று எழுதியிருந்தார்கள். கில்ட் தொழிலில் எட்டு கெஜம் என்றால் ஒற்றைப் பன்னாவில், அதாவது ஒற்றை அகலத்தில், எட்டு கெஜம். இரட்டைப் பன்னாத் துணியாக நெய்தால் நாலு கெஜம் நெய்து, நடுவே நீளவாக்கில் வெட்டி, இரண்டையும் இணைத்தால் எட்டு. குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. ஆலையில் புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவருக்குத் தெரியவில்லை. இரட்டைப் பன்னாவிலேயே எட்டு கெஜம் நெய்து அனுப்பிவிட்டார்.

தைப்பதற்காகத் தன்னிடம் வந்த பார்சலைத் தூக்கியபோதே இஷ்பெல்லின் கைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கில்ட்டின் எடை இல்லை அது, இரண்டின் எடை. திங்கட்கிழமை ஆலைக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை ஒரு கல்யாண வேலை வந்தது. அடுத்த திங்கள் தாமதத்துக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த மாதம் இரண்டு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் சோர்லிக்குத் தைத்துக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியைத் தேவதாருப் பெட்டியில் போட்டு மூடினாள். திருடவில்லை, திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டாள். வருடத்துக்கு ஒருமுறை பூச்சி அரிக்கிறதா என்று பார்க்கப் பெட்டியைத் திறப்பாள். தேவதாருப் பெட்டியில் பூச்சி அரிக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

போன இலையுதிர் காலத்தில் லண்டனிலிருந்து உடை அலங்காரத்துக்கு வந்த ப்ரூடென்ஸ் என்ற பெண், போர்வீரர்களின் நாற்பது கில்ட்டுகளைச் சீர் செய்ய இஷ்பெல்லிடம் கொண்டுவந்தாள். நல்ல பெண், களைத்துப் போனவள். அந்தச் சாம்பல் கட்டத்துக்காக அவள் கேட்ட நெசவாலைகள் எல்லாம் மரியாதையாக மறுத்துவிட்டனவாம். டைரக்டரோ வேறு எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லையாம். கடைசியில் பருத்தித் துணியில் அச்சடித்துவிடப் போகிறோம் என்றாள்.

அச்சடிப்பதா! இஷ்பெல்லுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். ஆனால் பெட்டியைத் திறந்தது கோபம் இல்லை. முப்பது வருடமாகத் தைக்கிறாள். மாப்பிள்ளைகள் ஒருநாள் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். பிறகு அது அலமாரியில் தொங்கும். யாரும் பின்பக்க மடிப்பைப் பார்த்து இது யார் கை என்று கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, தன் மடிப்புகள் உலகத்துக்கு முன்னால் வீசி நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பேராசைகூட இல்லை, சின்ன ஆசைதான். சின்ன ஆசைகள்தான் ஆளைக் குப்புறத் தள்ளுகின்றன.

மீதித் துணியில் இரண்டாவது கில்ட்டைத் தைத்துக் கொடுத்தாள். தூரத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஐந்து வினாடிதான் வரும் என்று ப்ரூடென்ஸ் சொல்லியிருந்தாள். படத்தில் முழுதாக ஒன்றரை நிமிடம் வந்தது. கடைசியில் பெயர் போடட்டுமா என்று கேட்டபோது இஷ்பெல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பெயர் தெரிய வேண்டும் என்பதற்காகத் தைத்தவள் பெயரை மறைத்தாள் என்றால், செய்தது தப்பு என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

ஹாலில் படம் காட்டிய மறுநாளே ஊர் முடிவு செய்துவிட்டது. சோர்லியின் கில்ட்டை எஃபி சினிமாக்காரர்களுக்கு விற்றுவிட்டாள். புருஷன் மானத்தை எட்டு கெஜமாக அளந்து கொடுத்துவிட்டாள். யாரும் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை; அந்த அளவுக்கு நாகரிகம் இன்வர்டாரக்கில் உண்டு. அவள் உள்ளே வந்தால் மில்ன் கடையில் பேச்சு நின்றுவிடும். சர்ச்சில் பூ வைக்கும் முறையிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டு, கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்ளட்டுமே என்றார்கள். முப்பது வருடமாக அவள் ஓய்வைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

இஷ்பெல்லின் காதுக்கும் இதெல்லாம் வரும். வரும்போதெல்லாம், "பாவம், தனியா இருக்கா," என்பாள். எஃபிக்குப் பரிந்து பேசுவதாக அவளுக்கு நினைப்பு. கேட்டவர்களோ, நெருங்கிய சிநேகிதியே, 'தனியா இருக்கா, கஷ்டம், வித்துட்டா'ன்னு ஒத்துக்கறாளே என்று எடுத்துக்கொண்டார்கள். இது அவளுக்குப் புரிய மூன்று வாரம் ஆயிற்று. புரிந்த பிறகு 'பாவம்' சொல்வதையும் நிறுத்திக்கொண்டாள். அதனால் எஃபிக்கு ஒரு நன்மையும் வரவில்லை.

நெருங்கிய சிநேகிதிதான். இஷ்பெல் பனியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்ட வருடம், ஆறு வாரம் தினமும் வந்து சூப்பை ஸ்பூனால் ஊட்டிவிட்டவள் எஃபி. ஊட்டும்போதெல்லாம், இவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு கல்யாணம் ஆகவில்லை என்கிறாயே, ஊரில் ஆண்களுக்கு என்ன கண் இல்லையா என்று கிண்டல் செய்வாள். அந்தக் கை தைத்த கில்ட்தான் இப்போது எஃபியைப் படுத்துகிறது. இதை நினைக்காமல் இஷ்பெல்லால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

ஜூன் கடைசியில் வாட்டி கெடஸ் அவள் தையல் அறைக்கு வந்தான். தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான்.

"அம்மணி, தொழில் தெரிஞ்சவ நீ. ஒரே ஒரு கேள்வி. எஃபி என்ன சொல்றா தெரியுமா? சோர்லியோடது பட்டாள மடிப்பாம். பின்னாடி பார்த்தா வரிசையா சிவப்புக் கோடு மட்டும்தான் தெரியுமாம். படத்துல வந்தது முழுக் கட்டமும் தெரியுற மடிப்பு, அதனால அது எங்க வீட்டுது இல்லைங்கறா."

எஃபி சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. பழைய பட்டாளத்துக்காரரான சோர்லி, ரெஜிமெண்ட் மாதிரியே மடித்துத் தரச் சொல்லியிருந்தார். ப்ரூடென்ஸ் கட்டம் முழுசாகத் தெரிய வேண்டும் என்றதால் இரண்டாவதை வேறு மாதிரி மடித்தாள்.

"ஒரு கில்ட்டைப் பிரிச்சு வேற மாதிரி மடிச்சுத் தைக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு," என்றான் வாட்டி.

முடியும். அப்பாவின் கில்ட்டைப் பிரித்து மகனுக்கு மடிப்பதுதான் அவளுக்குப் பாதி வேலையே. கதவு திறந்துதான் இருந்தது. மீதியையும் சொல்லிவிட அதுதான் சமயம். சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பது.

"முடியும்," என்றாள்.

"எனக்கு வேண்டியது அவ்வளவுதான்," என்று வாட்டி தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் பொய் சொல்லவில்லை. வாழ்நாளில் சொன்ன பொய்கள் எல்லாம் சேர்ந்தும் அந்த ஒரு உண்மை செய்த கெடுதலைச் செய்ததில்லை. அன்று முழுவதும் அவள் ஒரு தையல்கூடப் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து, சூடாக ஸ்கோன் பன் சுட்டுத் துணியில் மூடிக்கொண்டு எஃபியின் வீட்டுக்குப் போனாள். சொல்லிவிடத்தான் போனாள். வழியெல்லாம் முதல் வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். எஃபி கதவைத் திறந்து, ஆச்சரியமோ கோபமோ காட்டாமல், உள்ளே வா என்று சொல்லிக் கெட்டிலைப் போட்டாள். மெலிந்திருந்தாள். சமையலறை முன்பைவிடச் சுத்தமாக இருந்தது. வருகிறவர்கள் இல்லாத வீட்டின் சுத்தம்.

"வாட்டி உன்கிட்ட வந்தானாமே. என்ன சொன்னே?" என்று கேட்டாள் எஃபி.

"பிரிச்சுத் தைக்க முடியும்னு சொன்னேன்."

"முடியும்தான்," என்றாள் எஃபி. இரண்டு கோப்பையை எடுத்து வைத்தாள். பிறகு முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"நான் அதை எரிச்சேன், இஷ்பெல். யார்கிட்டயும் சொன்னதில்ல. 'அனுமதி எனக்குத்தான், துணிக்கு இல்ல, நான் போனா அதுவும் போகணும்'னு அவர் சொல்லிட்டுப் போனாரு. பின்பக்கம் எண்ணெய் டிரம்ல போட்டு எரிச்சேன். கம்பளி சட்டுனு எரியாது, உனக்குத் தெரியாததா. கருகும், நாறும், அணைஞ்சு போகும். மூணு மணி நேரம் குச்சியால கிளறிக்கிட்டே நின்னேன். யாரையாவது கூப்பிட்டிருக்கணும். அவரோட நான் தனியா இருந்த கடைசி வேளை அது, அதான் கூப்பிடல."

அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து, இஷ்பெல்லுக்கு முன்னால் வைத்தாள். உள்ளே கில்ட்டின் இடுப்பு வாருக்கான மூன்று பக்கிள்கள், நெருப்பில் கறுத்துப் போனவை. சோர்லியின் பழைய பட்டாளக் கில்ட்டிலிருந்து கழற்றியவை. புதியதிலும் இவற்றையே வைத்துத் தைக்கச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றின் முள் லேசாக வளைந்திருக்கும். வளைந்துதான் இருந்தது.

"வாட்டிகிட்ட காட்டினேன். பக்கிள்னா எல்லா கில்ட்லயும் ஒரே மாதிரிதானேன்னான். நீ பார்த்தா உனக்குத் தெரியும்ல?"

"தெரியுது," என்றாள் இஷ்பெல்.

எஃபி காத்திருந்தாள். ஹாலில் திரும்பிப் பார்த்தாளே, அதே பார்வை. அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை என்று இஷ்பெல்லுக்கு இப்போதுதான் தைத்தது. அந்த மடிப்பு யார் கை என்று உலகத்திலேயே ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. பதினைந்து வருடம் அதே கையின் மடிப்புகளை இஸ்திரி போட்டவள் அவள். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டு, இஷ்பெல் வாய் திறப்பாள் என்று ஆறு வாரமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"ஸ்கோன் ஆறிடும்," என்றாள் இஷ்பெல்.

எஃபி டப்பாவை மூடினாள். வெண்ணெயை எடுத்து வைத்தாள். மழையைப் பற்றியும் பஸ் நேரம் மாறியதைப் பற்றியும் கொஞ்சம் பேசினார்கள். இஷ்பெல் திரும்பி வரும் வழியில் ஒரு கல்சுவரில் உட்கார்ந்து, தன்னைத் தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். திட்டு தாராளமாக வந்தது. அந்த வாய் அரை மணிக்கு முன்னால் எங்கே போயிருந்தது என்று அவளுக்கே கேட்டுக்கொள்ளத் தோன்றியது.

ஆகஸ்டில் அடுத்தது வந்தது. விளையாட்டு விழாவில் பேக்பைப் போட்டியில் ஜெயிப்பவருக்கு சோர்லி பெயரில் ஒரு வெள்ளிக் கோப்பை உண்டு. அவர் போனதிலிருந்து அதை எஃபிதான் கொடுத்து வந்தாள். வருடத்தில் அந்த ஒரு நாளைக்குத்தான் அவள் நீலக்கல் ப்ரோச் குத்திக்கொள்வாள். வாட்டி போன் செய்தான். இந்த வருடம் எஃபி கொடுப்பது நன்றாக இருக்காது என்று கமிட்டி நினைக்கிறது என்றான்.

"அவருக்கு கில்ட் தைச்சவ நீதானே. நீ குடுத்தா பொருத்தமா இருக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் இஷ்பெல். மறுநாள் மில்ன் கடை ஜன்னலில் நிகழ்ச்சி நிரலை ஒட்டிவிட்டார்கள். எஃபியின் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயர் இருந்தது. தன் பெயரைப் பெரிய எழுத்தில் பார்க்க ஆசைப்பட்டவளுக்கு அது அப்படிக் கிடைத்தது. ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த ஒரு சாண் துண்டை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். இரண்டாவது கில்ட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை தூறலோடு விடிந்தது. மைதானத்தில் ஒரு பக்கம் பெரிய மரக்கம்பங்களைத் தூக்கி எறிந்தார்கள், ஒரு பக்கம் பெண்கள் ஆடினார்கள், பீர் கூடாரத்தில் ரோரி தான் செத்த காட்சியை நூறாவது தடவையாக நடித்துக் காட்டினான். எஃபி வரமாட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்திருந்தாள். டீக் கூடாரத்துப் பக்கம், கயிற்றுக்கு வெளியே, நீல மழைக்கோட்டில் தனியாக நின்றிருந்தாள். ப்ரோச் குத்தியிருக்கவில்லை. ஒளிந்துகொண்டாள் என்று பேச இடம் கொடுக்க அவள் தயாராக இல்லை.

ஜெயித்தவர் பக்கத்து ஊரில் குழாய் ரிப்பேர் செய்பவர். மேடையில் நனைந்த பேக்பைப்போடு நின்றிருந்தார். வாட்டி கோப்பையை இஷ்பெல் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நகர்த்தினான். அவள் எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். கூச்சல் போடட்டும், மூஞ்சியில் துப்பட்டும், இனி ஒருத்தரும் துணி கொண்டுவராமல் போகட்டும். கைப்பையிலிருந்து சாம்பல் துண்டை எடுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தக் கோப்பையை நான் குடுக்கக் கூடாது," என்றாள். "படத்துல வந்தது சோர்லியோடது இல்ல. அவரோடதை எஃபி எரிச்சுட்டா. அவரோட பக்கிள் மூணும் அவகிட்ட இருக்கு, நான் வச்சுத் தைச்சது, எனக்குத் தெரியும். படத்துல வந்தது நான் தைச்ச வேற ஒண்ணு. ஆலையில எட்டு கெஜத்தை இரட்டைப் பன்னாவுல அனுப்பிட்டாங்க. திருப்பி அனுப்பாம நான்தான் வச்சுக்கிட்டேன். பத்தொன்பது வருஷமா வச்சிருந்தேன். எஃபி ஒரு தப்பும் பண்ணல. எல்லாம் தெரிஞ்சும் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

தூறல் கூடாரத் துணியில் விழும் சத்தம்கூடக் கேட்டது.

"எட்டு கெஜம்? இரட்டைப் பன்னாவுலயா?" என்று பீர் கூடாரத்திலிருந்து ரோரி கேட்டான்.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் எட்டு கெஜம் இரட்டைப் பன்னா என்றால் என்னவென்று விளக்க வேண்டிய ஆள் ஒருவரும் இல்லை. தொட்டிலிலிருந்தே தெரிந்த கணக்கு, அதில் போய் ஒருத்தன் தப்பு செய்திருக்கிறான், ராஜாவின் துணியிலேயே செய்திருக்கிறான். யானைக்கு கில்ட் தைக்கச் சொன்னதாக அந்த ஆள் நினைத்துவிட்டானோ என்று ஒருவர் கேட்டார். மிச்சம் இருந்தால் தன் நாய்க்கு ஒன்று தைத்துத் தரச் சொல்லி மில்ன் கத்தினார். வாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் தோளில் தட்டினான். பத்தொன்பது வருஷமா பெட்டிக்குள்ளயா, நீ கில்லாடி அம்மணி என்றான். பிறகு யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். தைரியமாக ஒத்துக்கொண்டாளே என்று மைதானம் முழுக்கக் கைதட்டியது.

இதற்கு மட்டும் இஷ்பெல் தயாராக வரவில்லை. நான்கு மாதமாக ஒருத்தியைப் பூ வைக்கவிடாமல், கடையில் பேசவிடாமல், கோப்பையைத் தொடவிடாமல் செய்த அதே குற்றம், இஷ்பெல்லின் கைக்கு வந்ததும் தமாஷாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு, கேட்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது, கொடுக்க உரிமை இல்லாதவர்களிடமிருந்து. அவளுக்கு அழுகை வந்தது. அழுவதைப் பார்த்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

அவள் கோப்பையோடு மேடையிலிருந்து இறங்கி, ஈரப் புல்லில் குறுக்கே நடந்து, கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீதான் குடுக்கணும், எஃபி," என்று கோப்பையை நீட்டினாள்.

எஃபி கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை. இஷ்பெல்லின் தோளுக்கு மேலாக, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். மில்ன், ரோரி, சர்ச்சில் பூ வைப்பவர்கள், ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"நாலு மாசம், இஷ்பெல்," என்றாள். "அந்தப் பழி என் தலைமேல இருந்தப்போ ஒருத்தர்கூட சிரிக்கலையே."

அவள் குரல் உயரவே இல்லை. மழைக்கோட்டின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு, கூடாரங்களைச் சுற்றி பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள். இஷ்பெல் இரண்டு கையிலும் கோப்பையைப் பிடித்தபடி நின்றாள். மேடையில் ஜெயித்தவர் நனைந்துகொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் வாட்டி இஷ்பெல்லின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் குரலில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.